மனச்சோர்வும் தோட்டத்து இளைஞர்களும்

பேராக் மாநிலத்தில் ஓர் ஊரின் பெயர் நெடுங்காலமாக வசைச்சொல்லாக வழங்கி வருகிறது. வகுப்பில் பாடம் ஒப்பிக்கத் தடுமாறும் சிறுவனைப் பார்த்து, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று உடன் பயிலும் மாணவர்கள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். பெரட்டுக் களத்தில் ஒருவர் தம் பெயர் அழைக்கப்பட்டதைக் கவனியாமல் நின்றாலும் இதே பேச்சுத்தான். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் இப்பெயரை இப்பொருளில் கையாளுகின்றனர். உண்மையில் தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போவுக்கு வடகிழக்கே, கடைத்தெருவும் பள்ளியும் கோயிலும் இரயில் பாதையும் அமைந்த ஒரு சிற்றூர். அவ்வூரில் பிறந்தவர்கள் வெளியூரில் தங்கள் ஊர்ப்பெயரைக் கூறும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு எழுவதைக் காண வேண்டியுள்ளது. அவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்க முடியாது.

இந்த வசைச்சொல்லை முதலில் எடுத்துக் கூறக் காரணம் உண்டு. இரவில் உறக்கம் வராமலும், காலையில் எழ மனமில்லாமலும், தனக்கு என்ன நேர்கிறது என்பது விளங்காமலும் தவிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை, அதைத் தாயிடம் கூறலாமா என்று எண்ணும் வேளையில் அதன் காதில் ஒலிப்பது இந்தப் பேச்சே. வாய் திறந்தால் தன்னையும் அவ்வாறு அழைப்பார்கள் என்று அஞ்சி அது பேசாமல் இருந்துவிடுகிறது. மாதங்கள் கடக்கின்றன. தொடக்கத்திலேயே தணித்திருக்கக்கூடிய நோய் முற்றிவிடுகிறது.

ஊர்ப்பெயருக்கு இப்பொருள் வந்த வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று. பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், 1911 ஆம் ஆண்டில், ஐக்கிய மலாய் மாநிலங்கள் நான்குக்கும் பொதுவாகத் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு பெரிய மனநோய் விடுதி திறக்கப்பட்டது. அக்கால ஆங்கில வழக்கப்படி அதற்கு இடப்பட்ட பெயரே 'பைத்தியக்கார விடுதி' என்னும் பொருளுடையது. ஈயச் சுரங்கங்களிலும், காடழித்து உண்டாக்கிய புதிய தோட்டங்களிலும் உழைக்கக் கடல் கடந்து வந்தவர்கள், நோயும் தனிமையும் தாக்கிய நிலையில் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலருக்கு இந்நாட்டில் உற்றார் உறவினர் இல்லை. வந்து பார்ப்பாரும் இல்லை. குணமான பின்னர் அழைத்துச் செல்வாரும் இல்லை. அந்நாளில் மனநோயைத் தணிக்கும் தக்க மருந்து உலகில் எங்கும் கிடையாது. உணவு, காற்றோட்டம், தோட்டவேலை, காவல் ஆகியவையே சிகிச்சை எனக் கருதப்பட்டன. உள்ளே சென்றவர்கள் பல்லாண்டுகள் அங்கேயே தங்கினர்; பலர் அங்கேயே மூப்படைந்து மறைந்தனர். நோயாளிகளின் எண்ணிக்கை பல ஆயிரங்களாகப் பெருகியிருந்த காலமும் உண்டு.

ஆகவே, 'உள்ளே போனவர் திரும்புவதில்லை' என்று நம் பாட்டன் பாட்டிமார் அஞ்சியது முற்றிலும் ஆதாரமற்ற அச்சம் என்று கூறுவதற்கில்லை. அவர்கள் கண்டதையே கூறினர். ஆனால் அவர்கள் கண்ட நிலைமை இன்று இல்லை. குளோர்புரோமசின் என்னும் மருந்து கடும் மனக்கலக்கத்தைத் தணிப்பதைப் பாரிஸ் நகர மருத்துவர்கள் 1952 இல் கண்டறிந்தனர். இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வை நீக்குவதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957 இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, அதாவது 1958 இல், பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மக்கள் நுழையும் அதே வாயில் வழியாக மனநோயாளியும் நுழையலாம் என்ற நிலை நம் நாட்டில் அப்போதுதான் பிறந்தது. இன்று ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் மனநல மருத்துவப் பிரிவு இயங்குகிறது.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையும் 1970களில் 'பகாகியா உலு கிந்தா மருத்துவமனை' என்னும் புதுப்பெயர் பெற்றது. பகாகியா என்றால் மகிழ்ச்சி. ஜொகூர் பாருவில் உள்ளது பெர்மாய். கூச்சிங்கில் உள்ளது செந்தோசா. கோத்தா கினபாலுவில் உள்ளது மெஸ்ரா. மகிழ்ச்சி, எழில், அமைதி, நட்பு எனப் பொருள்படும் இந்நான்கு பெயர்களையும் தேர்ந்தெடுத்தவர்களின் நல்லெண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பலகையில் பெயர் மாறியது. கடைத்தெருவில் நாம் பேசும் பேச்சு மாறவில்லை. பின்னர் 2001 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நிறைவேறி 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரை அவருடைய விருப்பமின்றி மருத்துவமனையில் வைப்பதற்கு அச்சட்டம் பல கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் இளைஞருள் மிகப் பெரும்பாலோர்க்கு எந்த மருத்துவமனையிலும் ஓர் இரவுகூடத் தங்க வேண்டிய தேவை எழுவதில்லை. மாதத்திற்கு ஒரு முறையோ இரு முறையோ மருத்துவரைக் கண்டு, வீடு திரும்பி, மறுநாள் பள்ளிக்கோ வேலைக்கோ செல்கின்றனர்.

மனச்சோர்வு என்பது யாது?

துக்கமும் கவலையும் எல்லார்க்கும் உண்டு. தாத்தா இறந்தால் அழுகிறோம். தேர்வில் தோற்ற பிள்ளை சில நாள்கள் எவர் முகத்திலும் விழிக்க விரும்புவதில்லை. இவை நாள்போக்கில் தாமே ஆறும். மனச்சோர்வு என்று மருத்துவர்கள் கூறும் நோய் இதனின் வேறுபட்டது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியில் மனம் இருண்டு கிடத்தலும், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போதலும் அதன் தலையாய அடையாளங்கள். அவற்றோடு உறக்கம் கெடுகிறது. அல்லது அளவுக்கு மீறி உறக்கம் வருகிறது. பசி குன்றுகிறது. சிறு வேலையும் மலைபோல் தோன்றுகிறது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாலும் மனத்தில் பதிவதில்லை. தான் எதற்கும் உதவாதவன், பெற்றோர்க்குப் பாரம் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. சிலர்க்குச் சாவைப் பற்றிய நினைவும் வருகிறது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, ஈப்போவில் தொழிற்கல்வி பயில விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பையனை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். மாதம் இரு முறை வீட்டுக்கு வந்து கொண்டிருந்தவன் இப்போது வருவதில்லை. வந்தாலும் பந்து விளையாடத் திடலுக்குச் செல்வதில்லை. அறைக்குள் படுத்தே கிடக்கிறான். தங்கை ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். தந்தைக்கோ சினம். "நான் விடியுமுன் எழுந்து பால் வெட்டி உன்னைப் படிக்க வைக்கிறேன், நீ நடுப்பகல் வரை படுத்துக் கிடக்கிறாயே" என்கிறார். அவர் கூறுவதில் தவறு என்ன என்று அண்டை வீட்டாரும் கேட்பர். தம் உழைப்பைக் குறித்து அவர் கூறியது முற்றிலும் உண்மை. மகனுடைய நோயை அவர் அறியவில்லை. இளைஞரிடத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் கண்ணீராக வெளிப்படாமல் சிடுசிடுப்பாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று கூறி வளர்த்த வீட்டில் இது இன்னும் மிகுதி.

மேலும், நம் மக்கள் மனத்தின் வேதனையை உடம்பின் மொழியிலே கூறுவது வழக்கம். 'நெஞ்சு அடைக்கிறது', 'தலை பாரமாக இருக்கிறது', 'உடம்பெல்லாம் எரிகிறது' என்பர். தோட்ட டிரெசர் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார். அடுத்த வாரமும் அதே வலி. பரிசோதித்தால் உடம்பில் குறை ஒன்றும் புலப்படுவதில்லை. 'வேலைக்கு மட்டம் போட நடிக்கிறாள்' என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வலி மெய்யான வலி. அதன் ஊற்று வேறிடத்தில் இருக்கிறது.

பால்மரம் வெட்டுவோர்க்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கூறலாம். இலை பசுமையாக இருக்கும். பட்டையும் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆயினும் வெட்டுக்கோட்டில் பால் வராது. அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரங்களில் இந்நிலை மிகுதியாகக் காணப்படும். அனுபவமுள்ள எவரும் அம்மரத்தைச் சோம்பேறி என்று ஏசுவதில்லை. இன்னும் ஆழமாக உளியை ஓட்டுவதும் இல்லை. வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்கின்றனர். மரத்திடம் நாம் காட்டும் இந்தப் பொறுமை நம் பிள்ளையிடத்தில் மட்டும் ஏனோ வருவதில்லை. (மனிதர்க்கு ஓய்வு மட்டும் போதாது, சிகிச்சையும் வேண்டும் என்பதை இங்கே சேர்த்துக் கூற வேண்டும்.)

இந்நோய் வரக் காரணம் ஒன்றே என்று சுட்ட இயலாது. குடும்பத்தில் முன்பு எவர்க்கேனும் இருந்திருந்தால் வாய்ப்புச் சற்று மிகுதி. தாய் தந்தையரின் இழப்பு, பள்ளியில் ஓயாத கேலி, வீட்டில் குடியும் அடிதடியும், கடன், காதல் முறிவு, வேலையின்மை ஆகியவை தூண்டுதலாக அமையலாம். தைராய்டு சுரப்பிக் குறைவும் இரத்தச்சோகையும்கூட இதே போன்ற சோர்வைத் தரக்கூடும். மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூண்டும் காரணம் எதுவும் இல்லாமலே நோய் வருவதும் உண்டு. "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்ற கேள்விக்குப் பிள்ளையால் விடை கூற முடியாமற் போவது இதனால்தான்.

இது எங்கோ ஓரிருவர்க்கு வரும் நோய் என்று எண்ணுதலும் தகாது. சுகாதார அமைச்சு நடத்தும் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2017 இல் இடைநிலைப்பள்ளி மாணவருள் ஐவரில் ஒருவர் மனச்சோர்வின் அடையாளங்களைக் கொண்டிருந்தனர். 2022 இல் அது நால்வரில் ஒருவராக உயர்ந்தது. பதினாறு வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே 2019 இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023 இல் 4.6 விழுக்காடாயிற்று; அதாவது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பில் பத்துப் பேர் இவ்வடையாளங்களுடன் அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தால், கேலி செய்வோருள்ளும் சிலர் அப்பத்துப் பேரில் அடங்குவர் என்பது விளங்கும்.

நம் தோட்டப்புறச் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2007 இல் தொடங்கப்பட்ட தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் அறிக்கைகள், மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் இந்தியரிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தாரினும் உயர்ந்திருந்ததைக் காட்டின. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோது, குடும்பங்கள் லயத்தை விட்டு ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் புறநகர்களுக்கும் பெயர்ந்தன. லயத்து வாழ்வில் வறுமை இருந்தது, தனிமை இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை இரு நாள் வெளியே வராவிடில் எதிர் லயத்துப் பாட்டி கேட்டுவிடுவாள். நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளையைக் கேட்பார் எவரும் இல்லை. தோட்டத்தில் இன்றும் வாழ்வோருடைய பிள்ளைகளும் படிப்புக்காகவும் தொழிற்சாலை வேலைக்காகவும் அத்தகைய அறைகளுக்கே செல்கின்றனர்.

மறைப்பதன் விலை

குடும்பங்கள் இந்நோயை மறைப்பதற்கு முதற்காரணம் திருமணம். 'பெண்ணுக்கு மனக்கோளாறு என்று தெரிந்தால் வரன் வருமா? அவள் தங்கைக்கும் வருமா?' என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஊர்ப்பேச்சு எவ்வளவு கொடியது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவர். ஆனால் நோயை மறைத்து மணம் முடித்து, சில மாதங்களில் அது வெளிப்படும்போது அப்பெண் அடையும் துன்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிகிச்சை பெற்றுத் தெளிந்த பெண், வேலை செய்கிறாள், குடும்பம் நடத்துகிறாள், பிள்ளை பெறுகிறாள். முன்னர் மருந்து உண்டதை எவரும் அவள் முகத்தில் படித்துவிட முடியாது.

அடுத்தது, இது நோயன்று, செய்வினை என்று கருதுதல். பூசாரியிடம் அழைத்துச் சென்று தாயத்துக் கட்டுவோர் உளர். இறை வழிபாட்டால் ஆறுதல் பெறுவதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. குனோங் சீரோ முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்ளலாம். மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ளலாம். இரண்டுக்கும் பகையில்லை. பேயோட்டுவதாகக் கூறி அடிப்பதும், கட்டி வைப்பதும், பட்டினி போடுவதும் கொடுஞ்செயல்கள். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவில் நோய் தீரும் என்று நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதிகளில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று அத்தகைய விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்பால் அன்பு கொண்ட உறவினரே என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

மூன்றாவது அச்சம் சட்டத்தைப் பற்றியது. தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதித்தது. இதனால் உயிர் தப்பிய பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் பெற்றோர், போலீசுக்கு அஞ்சி, தவறுதலாக நேர்ந்தது என்று கூறி மறைத்தனர். உடற்காயம் ஆறியது; மனநோய்க்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2023 இல் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. இலங்கை 1998 இலேயே இவ்வாறு செய்தது. இப்போது அப்பிள்ளை குற்றவாளி அல்லன். மருத்துவரிடம் உண்மையை உள்ளபடி கூறலாம். கூறவும் வேண்டும். இச்சட்ட மாற்றம் தோட்டங்களில் இன்னும் பலர் காதுக்கு எட்டவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இலங்கையைக் குறிப்பிட்டதால் அங்கிருந்து நாம் கற்க வேண்டிய மற்றொன்றையும் கூறிவிடுவோம். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் வன்னி வயல்களிலும் வாழும் தமிழர் உட்பட, அந்நாட்டு மக்களிடையே தற்கொலை விகிதம் 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் அந்நாட்டு அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன் பின்னரும் குறைந்தது. அம்மக்களின் வறுமையோ துயரமோ திடீரென நீங்கிவிடவில்லை. தாங்கொணாத வேதனையில் எழும் அந்த எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது; அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்ததே உயிரைக் காத்தது. நம் நாட்டிலும் பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு எவர் வீட்டிலேனும் இருந்தால் அதை வைத்திருத்தல் கூடாது. வேறெந்த மருந்தானாலும் ஸ்டோரில் பூட்டி வைக்க வேண்டுமேயன்றி, வீட்டுச் சமையற்கட்டிலோ குளியலறைப் பரணிலோ வைத்தலாகாது. மனச்சோர்வுற்ற பிள்ளை இருக்கும் வீட்டில் மாத்திரைகளும் பெரியவர் பொறுப்பில் இருத்தல் நலம்.

மருந்தகத்தில் நடப்பது என்ன?

கிளினிக் கெசிஹாத்தான் என்று பலகை தொங்கும் அரசாங்க மருந்தகம் சுங்கை சிப்புட், கோலகங்சார், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் முதலிய எல்லா வட்டாரங்களிலும் உண்டு. அங்கே முதல் நாளில் என்ன நடக்கும் என்பது தெரியாமையே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. பதிவுச் சாளரத்தில், 'உறக்கம் வரவில்லை, உடம்பு சோர்வாக இருக்கிறது' என்று கூறினால் போதும்; வரிசையில் நிற்போர் கேட்கும்படி நோயின் பெயரைக் கூற வேண்டியதில்லை. மருத்துவர் எடை, இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்து, தேவையாயின் இரத்தம் எடுத்துச் சோதிப்பார். பின்னர், கடந்த இரு வாரங்களில் மனநிலை எவ்வாறு இருந்தது என்பதைப் பற்றிய சில கேள்விகளைக் கேட்பார். அல்லது அவை அச்சிட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். அவ்வளவே. கட்டுவதும் இல்லை, பூட்டுவதும் இல்லை, மின்சாரம் வைப்பதும் இல்லை.

நோய் இலேசானதாக இருந்தால் மருந்தில்லாமலே பேச்சுவழிச் சிகிச்சையால் தணிக்கலாம். பயிற்சி பெற்றவர் ஒருவர் பல அமர்வுகளில் நோயாளியோடு உரையாடி, மனத்தில் தானாக எழும் இருண்ட எண்ணங்களை ஆராயவும், விட்டுப்போன அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கவும் பழக்குவார். நோய் கடுமையாக இருந்தால் மாத்திரையும் சேரும். இம்மாத்திரைகளைப் பற்றி மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவதாக, தலைவலி மாத்திரைபோல் இவை உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலர்க்கு அதனினும் மிகுதியாக ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்து, பலன் மட்டும் வராத நிலையில், 'இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று குப்பையில் போடுவோர் பலர். இரண்டாவதாக, நலமான பின்னரும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவர் கூறும் முறைப்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். கஞ்சா, சாராயம்போல் மேலும் மேலும் வேண்டும் என்ற வெறியை இவை உண்டாக்குவதில்லை. மூன்றாவதாக, இளைஞருள் சிலர்க்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் படபடப்பும் சாவு எண்ணமும் மிகுவதுண்டு. அந்நாள்களில் பிள்ளையைத் தனியே விடாமல் உடன் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். மாற்றம் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஊர் மருத்துவர் தேவை எனக் கருதினால் சிறப்பு மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். கட்டணம் அங்கும் சில வெள்ளிகளே. குடியுரிமைத் தாள்கள் இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் தோட்டப்புறத்தில் உள்ளன என்பதை நாம் அறிவோம். அவர்களுக்குக் கட்டணம் கூடுதலாக வரும். அதற்கஞ்சித் திரும்பிவிடாமல் மருத்துவமனையின் சமூகப்பணி அலுவலரைக் கண்டு பேசுதல் வேண்டும். வேலை செய்யும் இளைஞர் மற்றொன்றை அஞ்சுவர்: நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று. நோயாளியின் இசைவின்றி நோயின் தன்மையை முதலாளியிடமோ கங்காணியிடமோ கூற மருத்துவருக்கு உரிமையில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் அது பெரிது. பிள்ளை தானாக வந்து கூறும் என்று காத்திராமல் நாமே கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் கேட்கலாகாது. மோட்டார் சைக்கிளில் இருவராகச் செல்லும்போதோ, இரவில் பாத்திரம் கழுவும்போதோ கேட்கலாம். "சில நாளாகவே நீ சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் விழித்திருக்கிறாய். என்னப்பா வேதனை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவன் கூறத் தொடங்கியதும், 'இதெல்லாம் ஒரு கவலையா, உன் வயதில் நான் பட்டது தெரியுமா' என்று இடைமறித்தால் அத்துடன் கதவு அடைபடும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று பலர் நினைக்கின்றனர். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. கேட்கப்பட்டவர்க்குப் பெரும்பாலும் ஆறுதலே உண்டாகிறது. 'ஆம்' என்று விடை வந்தால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பெற்றோரிடம் கூற இயலாத பிள்ளை, பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கூறலாம். தொலைபேசி வழியாகப் பேச விரும்புவோர்க்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 உண்டு. இது 2022 இல் தொடங்கப்பட்டது. வீட்டில் அடிதடிக்கு ஆளானோர்க்குத் தாலியான் காசே எண் 15999. ஈப்போவில் பிஃபிரண்டர்ஸ் என்னும் தொண்டர் அமைப்பும் அழைப்போரின் பெயரைக் கேளாமலே பேச்சைக் கேட்கிறது.

மருந்தகம் செல்லும் நாளில் பிள்ளையின் அடையாள அட்டையையும், முன்பே ஏதேனும் மருந்து உண்டு வந்தால் அதன் உறையையும் எடுத்துச் செல்க. நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும், மது அருந்தும் பழக்கம் இருந்தாலும் மறைக்காமல் கூறுக. பதினெட்டு வயது நிறையாதவராயின் தாயோ தந்தையோ உடன் செல்லுதல் வேண்டும். மருத்துவர் பிள்ளையோடு சற்று நேரம் தனித்துப் பேச விரும்பினால், வெளியே நாற்காலியில் அமர்ந்து காத்திருக்கலாம்.